லட்சமாவது வண்டியும் நான்கு விரற்கடைப் போரும்

வாழி! முப்பத்தோராண்டு காலம் நகரத்து மோட்டார்த் தொழிற்சாலையின் கதவுப் பிரிவில் கால்கடுக்க நின்று, நாளொன்றுக்கு நாற்பது வண்டிகளுக்கு நந்நான்காய்க் கதவு பூட்டி, அடைக்கும் ஓசை ஒன்றைக் கேட்டே கீலின் குணங்குற்றம் உரைத்து, வழிக்கு வராத கதவை இடுப்பின் ஓரிடியால் வழிக்குக் கொணர்ந்த கீல்வித்தகரே, இடுப்பாற்றல் மிக்க இல்லறத்தீரரே, தோழர்களால் கதவுக்காரர் என்று அழைக்கப்பட்ட தகைசால் தலைவரே, வாழி! நும் முழங்கால் வாழி! நும் மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலைத் தாங்கி நிற்கும் நூல் வாழி! கண்ணாடி அலமாரிக்குள் சிறைப்பட்டுக் கிடந்த நும் திருமுகத்தை மீட்க நீவிர் ஆற்றிய பத்து நாள் பெரும்போரைப் பாடப் புகுகின்றோம். பழந்தாள் தூசி பறக்கும் நூலகமே, நடுவில் தும்மல் வராமல் நீதான் காக்க வேண்டும்.

போர்களில் பெரியவை பல. மண்ணுக்காக நடந்தவை, பொன்னுக்காக நடந்தவை, வேலைவெட்டி இல்லாதவர்கள் பொழுதுபோகாமல் நடத்தியவை என அவற்றைப் பாட ஆயிரம் புலவர்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். ஓர் அட்டையை நான்கு விரற்கடை இடப்புறம் நகர்த்துவதற்காக நடந்த போரைப் பாட ஒருவரும் முன்வராமையால் அந்தப் பாரம் நம் தலையில் விழுந்தது. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் நிறுத்தப்போவதில்லை.

பகையின் மூலம் யாதெனின், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில் நடந்துதொலைத்த இரண்டு விழாக்கள். ஒன்று, தொழிற்சாலை தன் லட்சமாவது காரை ஈன்றெடுத்து, மலர் சூட்டி, வாத்தியம் முழங்க, ஆலை வாசலிலிருந்து நகர மன்றம் வரை மூன்று கிலோமீட்டர் ஊர்வலம் விட்ட வெற்றிப் பெருவிழா. மற்றொன்று, கதவுக்காரருடைய இல்லத்தரசியின் ஒரே தம்பிக்குக் கல்யாணம். முதல் விழாவில் நம் தலைவர் இருந்தார். இரண்டாம் விழாவில் இல்லை. கல்யாணக் குழுப்படத்தில் எல்லோரும் ஜோடி ஜோடியாய் நிற்க, அம்மையார் மட்டும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்கிறார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாய்க் கிடக்கிறது.

“அன்னிக்கு எங்கே போனீங்க?” என்பது அம்மையாரின் வினா. “வண்டிகிட்டதான் இருந்தேன்” என்பது தலைவரின் விடை. மறுநாள் செய்தித்தாளில் வண்டியை முன்னாலிருந்து எடுத்த படம் வந்தது. அதில் வண்டி இருந்தது, மாலை இருந்தது, வாத்தியக்காரர் இருந்தார், வேடிக்கை பார்த்த நாய் ஒன்று இருந்தது. கணவர் இல்லை. “நாய்க்குக் கிடைச்ச இடம்கூட உங்களுக்குக் கிடைக்கலையா?” என்று அன்று கேட்ட கேள்வி, குழாயில் தண்ணீர் நின்ற நாளிலும், குடை தொலைந்த நாளிலும், மூத்த மகள் கணக்கில் கோட்டைவிட்ட நாளிலும், எங்கெங்கோ புறப்பட்ட பேச்சையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து அந்த ஒரே வாசலில் நிறுத்தியது. சீட்டாடப் போய்விட்டார் என்பது அம்மையாரின் தீர்ப்பு. தலைவருக்குச் சீட்டாடவே தெரியாது என்பதையும் அவர் ஒரு நடிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். சொல்ல முடியாது, சத்தியம். செய்தவர்கள் ஆறு பேர், செய்வித்தவர் ஒருவர். அந்தச் சத்தியத்தில் நாம் கையடித்துக் கொடுக்கவில்லை ஆகையால், இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறோம்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையின் கடைசியில் முழுதாகி இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தகரக் குவளையால் அளந்து அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றுவார்கள். அங்கிருந்து முற்றத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்த அது போதும். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வண்டிகளும் அந்தக் குவளையால் தாகம் தீர்ந்தே தரை தொட்டன. லட்சமாவது வண்டிக்கு வண்ணப் பிரிவார் மூன்று பூச்சு கூடுதலாகப் பூசினார்கள். இருக்கைப் பிரிவார் வெல்வெட் விரித்தார்கள். கதவுப் பிரிவில் நம் தலைவர் நான்கு கதவுகளையும் நாற்பது முறை அடைத்துத் திறந்து, நாதசுத்தம் பார்த்துக் கையொப்பமிட்டார். குவளைக்காரரும் தம் கடமையில் ஒரு சொட்டும் குறைவைக்காமல் அதே அரை லிட்டரை அளந்து ஊற்றினார். மூன்று கிலோமீட்டர் என்ற எண்ணம் அந்த ஆலையில் ஒரு மூளைக்கும் எட்டவில்லை.

ஆகவே, வாத்தியம் முழங்க, மலர் பொழிய, ஆலை வாசலைத் தாண்டிய கணத்திலே, ஸ்டியரிங் சக்கரத்தைப் பற்றி வீற்றிருந்த மேற்பார்வையாளரின் காலடியில் லட்சமாவது வண்டி இரண்டு முறை விக்கி உயிரை விட்டது. அவர் அஞ்சவில்லை. முகத்தில் புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டு பல்லிடுக்கில் ஆணையிட்டார். வண்டியின் பின்புறம் கட்டித் தொங்கவிட்ட வாழ்த்துத் துணிக்குள் ஆறு பேர் புகுந்தார்கள், குனிந்தார்கள், தள்ளினார்கள். கல்யாண மண்டபத்துக்குப் புறப்படச் சட்டையை மாற்றிக்கொண்டிருந்த கதவுக்காரரைக் ஆள் விட்டு இழுத்துவரச் செய்து ஆறாமவராய் நிறுத்தியதும் அவர்தான். எஞ்சின் ஓசையே கேட்கவில்லையே என்று ஊர் மூக்கில் விரலை வைத்தது. அவ்வளவு நயமான எஞ்சின் என்று பத்திரிகை எழுதியது.

நகர மன்றத்தின் பின்வாசலில் ஆறு பேரும் அந்தச் சக்கரத்தின்மேல் கைவைத்து, இதை வாய் திறந்து எவரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தார்கள். “பொண்டாட்டிகிட்ட?” என்று ஒருவர் கேட்டார். “முக்கியமா அவங்ககிட்டதான்யா சொல்லக் கூடாது!” என்றார் மேற்பார்வையாளர்.

ஆனால் தெருவோர மாடியிலிருந்து ஒருவர் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்திருந்தார். காற்று துணியைத் தூக்கிய நேரம் பார்த்து, அறுவரில் ஒருவர், என்ன சத்தமோ என்று முகத்தைத் திருப்பியிருந்தார். அவர் நம் தலைவர். தொழிற்சாலை உணவறையில் மூன்று நாள் மாட்டியிருந்த அந்தப் படத்தைத் தம் இரு கண்ணாலும் கண்டவர் அவர். மனைவியை அழைத்துவந்து காட்ட அனுமதி வாங்கிய நான்காம் நாள் படத்தைக் காணோம். அது மேற்பார்வையாளரின் பைக்குள் போய், வீட்டுக்குப் போய், பீரோவுக்குள் முப்பத்தெட்டு ஆண்டு தவமிருந்தது.

அந்தத் தவம் கலைந்தது நகர நூலகத்தால். ஆலை மூடி ஆண்டுகள் பலவான பின், லட்சமாவது வண்டி விழாவை நினைவுகூர்ந்து இரண்டாம் மாடியில் பத்து நாள் கண்காட்சி வைத்தார்கள். அழைப்பிதழ், பதக்கம், ஊதி நசுங்கிய வாத்தியக் குழல், துருப்பிடித்த ஒரு தகரக் குவளை எனச் சேர்த்த பொருள்களுக்கு நடுவே, கண்ணாடிக் கதவிட்ட ஆளுயர மர அலமாரியில், அந்தப் படம். எண்பத்தைந்து வயதிலும் சக்கரத்தைப் பிடித்தபடி தாம் சிரிக்கும் கோலத்தை ஊர் பார்க்காமல் போய்விடுமோ என்ற ஏக்கத்தில் மேற்பார்வையாளரே கொடுத்தது. ஒரே நிபந்தனை: விளக்க அட்டையை அவரே எழுதி, அவரே வைப்பார். வைத்தார். “தன் எஞ்சின் ஆற்றலால் மூன்று கிலோமீட்டர் தங்குதடையின்றி ஓடிய லட்சமாவது வண்டி. ஓட்டியவர்: மேற்பார்வையாளர். படம் அன்பளிப்பு: மேற்பார்வையாளர். விளக்கம்: மேற்பார்வையாளர்.” உள்ளங்கையகல அட்டை அது. படத்தின் வலது கீழ் மூலையில், தள்ளும் அறுவரையும் மறைத்து, நம் தலைவரின் முகத்தின்மேல் சரியாகச் சாய்ந்து நின்றது.

முதல் நாளே தனியாக வந்து பார்த்த தலைவர், கண்ணாடியின்மேல் விரலை வைத்து அட்டையை அளந்தார். நான்கு விரற்கடை! நான்கே நான்கு விரற்கடை அந்த அட்டை நகர்ந்தால் முப்பத்தெட்டு ஆண்டுப் பழி பறந்துபோகும். சாவிக்கொத்து இடையில் குலுங்க, கண்காட்சியைக் கண்ணிமைபோல் காத்துவந்த நூலகர் அம்மையாரிடம் போய் நின்றார். “எழுதிக் கொடுங்க சார், பார்க்கலாம்” என்றார் அவர். எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் சத்தியம் வந்து குறுக்கே படுத்தது. வாய் திறப்பதில்லை என்றால் பேனா திறப்பதும் சேர்த்திதான் என்று கருதிய நேர்மையாளர், “காற்றோட்டத்துக்காக” என்று எழுதினார். காரணம் போதாது என்று திரும்பியது. இரண்டாம் மனுவில் “அழகுக்காக” என்றார். அழகாகத்தான் இருக்கிறது என்று திரும்பியது. மூன்றாம் மனுவில் காரணத்தை எழுதாமல், தயவுசெய்து என்பதை மட்டும் நான்கு முறை எழுதினார். அது திரும்பவே இல்லை.

இப்படியாக ஒன்பது நாள் கரைந்து, கண்காட்சியின் கடைசி நாளான பத்தாம் நாள் புலர்ந்தது. அன்று நிறைவு விழா, மேற்பார்வையாளருக்குப் பொன்னாடை. இனித் தள்ளிப்போட நாளில்லை என்று கண்ட கதவுக்காரர், எண்ணெய் தேய்த்த முழங்காலோடு, இல்லத்தரசியை இரண்டு பேருந்து மாற்றி அழைத்துக்கொண்டு களம் புகுந்தார். படியேறும்போதே அம்மையார் தம் பிரகடனத்தை வெளியிட்டார்.

“இதுதாங்க கடைசி. இன்னிக்கு நீங்க அங்கே இருந்ததைக் காட்டலைன்னா, இனிமே சாகிற வரைக்கும் ‘வண்டிகிட்ட இருந்தேன்’னு ஒரு வார்த்தை வரக் கூடாது. நானும் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது.”

கேட்க மாட்டேன் என்றதுதான் தலைவருக்குச் சுருக்கென்றது. கேள்வி கேட்கும்வரை விடைக்கும் ஓரிடம் உண்டு. கேள்வியே நின்றுவிட்டால், சீட்டாடப் போனவர் சீட்டாடப் போனவர்தான்.

அலமாரியின் முன் முதல் தாக்குதல் தொடங்கியது. அம்மையாரை வலப்புறம் நிறுத்தி, பின் இடப்புறம் நிறுத்தி, பின் சற்றே குனியச் சொல்லி, அட்டைக்கும் படத்துக்கும் இடைப்பட்ட நூலிழைப் பிளவில் பார்க்கச் செய்தார். அம்மையார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஒரு செருப்பு தெரியுது.”

“என்னோடதுதான்!”

“ஊர்ல யார்கிட்டதான் இந்தச் செருப்பு இல்லை?”

இரண்டாம் தாக்குதலாக, வலது உள்ளங்கையால் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். லட்சம் வண்டிகளின் கதவுச்சட்டத்தைத் தட்டித் தட்டியே நேர்ப்படுத்திய தட்டு அது. சிறைக்குள் அட்டை நடுங்கியது. ஒரு மயிரிழை நகர்ந்தது. இன்னும் முப்பது தட்டு போதும் என்று தலைவர் கணக்குப் போட்டுக் கையை ஓங்கிய வேளையில், சாவிக்கொத்து குலுங்க நூலகர் பாய்ந்து வந்தார்.

“சார்! கண்ணாடியைத் தட்டாதீங்க! எத்தனை தடவை சொல்றது?”

அப்போது வாசலில் கைத்தடி ஒலித்தது. வந்தார், வந்தார், பெட்ரோலின்றி வாகனம் செலுத்திய பெருவித்தகர், புன்னகை மாறாப் பொய்ச்சாரதி, தம் பேர் மூன்று முறை பொறித்த அட்டையின் ஆசிரியர், மேற்பார்வையாளர் வந்தார்! வந்தவர் அலமாரியைக் கண்டார், அதன் முன் கதவுக்காரரைக் கண்டார், கதவுக்காரரின் அருகே ஒரு பெண்மணி கைப்பையோடு நிற்பதையும் கண்டார். புரிந்துகொண்டார். யானைபோல் அசைந்து வந்து அலமாரிக்கும் அம்மையாருக்கும் நடுவே மறைத்து நின்றார்.

“சௌக்கியமாப்பா?” என்றார்.

“இருக்கேன் சார்” என்றார் தலைவர்.

இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த ‘சார்’ தானாக வந்துவிட்டதே என்று தலைவருக்குத் தம்மேலேயே கோபம் வந்தது. இருவரும் இமைகொட்டாது நோக்கினர். முப்பத்தெட்டாண்டுச் சத்தியம் இருவருக்கும் இடையே மூச்சுவிட்டபடி நின்றது. பின்னால் யாரோ நாற்காலி வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

இந்நிலையில் விதி, நிகழ்ச்சிநிரலின் ஏழாம் வரியாய் வந்தது. பொன்னாடை போர்த்தியதும், விழா நாயகர் அந்தப் படத்தைக் கையில் ஏந்தி நிற்க, நூலகத்தின் ஆண்டு மலருக்காகப் புகைப்படம் எடுப்பதாக ஏற்பாடு. நூலகர் சாவியை எடுத்தார், நுழைத்தார், திருப்பினார். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. இழுத்தார். வரவில்லை. காவலாளி வந்து இழுத்தார். கைப்பிடிதான் ஆடியது. நாளிதழ் அறையிலிருந்து இருவர் வந்து ஆளுக்கொரு யோசனை சொல்லி, யோசனைக்கொரு முறை இழுத்து, அலமாரியையே ஓரடி முன்னால் நகர்த்தினார்கள். கதவு மட்டும் அசையவில்லை.

“தச்சர் நாளைக்குத்தான் வருவாரு” என்று கைபிசைந்தார் நூலகர்.

“பரவாயில்லைம்மா, பரவாயில்லை! படம் எதுக்கு? பூட்டிடுங்க!” என்று மேற்பார்வையாளர் முகமெல்லாம் மலர்ந்தார்.

அந்த மலர்ச்சிதான் தலைவரின் நெஞ்சில் தைத்தது. அவர் முன்னால் வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். கதவின் மேற்கீலைப் பார்த்தார், கீழ்க்கீலைப் பார்த்தார், நடுவில் ஒருமுறை விரலால் சுண்டி ஓசை கேட்டார். பின், மூன்று மனுவிலும் சொல்லக் கிடைக்காத சொற்களையெல்லாம் சேர்த்துவைத்தாற்போல ஒரு பிரகடனம் செய்தார்.

“மேல்கீல் இறங்கியிருக்கு. இழுத்தா இன்னும் பிடிக்கும். எல்லாரும் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றார்கள். இரண்டே விரலைக் கைப்பிடிக்கு அடியில் கொடுத்து, கதவை நெல்லளவு மேலே தூக்கி, அந்த மேன்மையைக் கைவிடாமல் உடலைத் திருப்பி, எண்ணற்ற வாகனங்கள் பணிந்த, ஆலை மூடிய நாள்முதல் வேலையற்று வாடிய, மருத்துவர் அசைக்கவே கூடாதென்று விலக்கிவைத்த அந்த வீர இடுப்பால், அப்பப்பா, ஓரிடி! ‘டப்’ என்றது. கதவு தானே வந்து, விருந்தாளியை உள்ளே அழைப்பதுபோல் விரியத் திறந்து நின்றது. நாளிதழ் அறைக்காரர்கள் கைதட்டினார்கள்.

“அதைத் தொடாதப்பா” என்றார் மேற்பார்வையாளர். குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

தலைவர் வாய் திறக்கவில்லை. சத்தியம் வாய்க்குத்தானே, விரலுக்கு இல்லையே. ஆள்காட்டி விரலை நீட்டி, அட்டையின் வலது ஓரத்தில் வைத்து, ஒரு விரற்கடை, இரண்டு, மூன்று, நான்கு. நிறுத்தினார். ஐந்தாவது நகர்த்தியிருந்தால் அட்டை விழுந்திருக்கும்; அதை அவர் செய்யவில்லை.

அம்மையார் கைப்பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, போட்டுக்கொண்டு குனிந்தார். படத்தில் துணி பறந்துகொண்டிருந்தது. குனிந்த முதுகுகள் ஆறு. ஆறில் ஒன்றின் அக்குளுக்குக் கீழே, வியர்த்து வழிந்து, கண் பிதுங்கி, அவருடைய கணவரின் முப்பது வயது முகம். கல்யாணத்துக்கென்று அம்மையாரே தேர்ந்தெடுத்து வாங்கிய கட்டம்போட்ட சட்டை முதுகில் கிழிந்திருந்தது.

“இந்தச் சட்டை” என்றார் அம்மையார். கிழிசலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். “ஏங்கய்யா, இவங்க எல்லாம் எதுக்கு வண்டியைத் தள்றாங்க?”

தலைவர் உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். செத்தாலும் சொல்ல மாட்டார் போலிருந்தது. அதை மேற்பார்வையாளரும் பார்த்தார். ஆறு பேரில் மற்ற ஐவரும் மண்ணோடு மண்ணாய்ப் போய்விட்ட பிறகும், கட்டின மனைவியே சந்தேகப்பட்ட பிறகும், தமக்காக வாயைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவரை அந்தக் கிழவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பெட்ரோல் தீர்ந்துபோச்சும்மா.”

“லட்சமாவது வண்டிக்கா?”

“எல்லா வண்டிக்கும் ஊத்துற மாதிரிதான் ஊத்தினோம். அரை லிட்டர்.” பக்கத்து மேசையில் இருந்த தகரக் குவளையைக் காட்டினார். “மண்டபத்துக்குக் கிளம்பினவரை நான்தான் ஆள் விட்டு இழுத்துட்டு வரச் சொன்னேன். உன் வீட்டுக்காரரு மேல தப்பில்லைம்மா. என் மானம்தான் காரணம்.”

நூலகர் அட்டையைக் கையில் எடுத்து, ஒருமுறை படித்து, சத்தமில்லாமல் தம் மேசை இழுப்பறைக்குள் போட்டார். பொன்னாடை எவர் தோளுக்குப் போவதென்று தெரியாமல் காவலாளியின் கையிலேயே தங்கியது. நம் தலைவரோ, வென்றவருக்குரிய பெருமிதத்தோடு நிமிர முயன்று, இடுப்பு பிடித்துக்கொண்டதால் நிமிர முடியாமல், படத்தில் நின்ற அதே கோணத்தில் குனிந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கிறுக்கு மனுஷா, என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?” என்று அம்மையார் அவர் முதுகைத் தடவிவிட்டார்.

ஆயினும் வாகை இன்னும் முழுதாகச் சூடப்படவில்லை. பழி பிறந்த இடத்திலே பழி தீர வேண்டாமா? குலம் முழுதும் அறிய, குழுப்படத்தின் வெற்றிடம் நிரம்ப, முப்பத்தெட்டாண்டு இருள் ஒரே மூச்சில் அகல வேண்டாமா? அதன்பொருட்டு அம்மையார் அக்கணமே கைப்பேசியை எடுத்து, அன்றைய மணமகனும் இன்றைய பேரன் கண்டவருமான தம் தம்பியை அழைத்து, ஒலியைக் கூட்டி, நூலகர் சாட்சியாக, மேற்பார்வையாளர் சாட்சியாக, இறங்கிய கீல் சாட்சியாக முழங்கினார்: “டேய், கேளுடா! உன் கல்யாணத்தன்னிக்கு உங்க மாமா சீட்டாடப் போகலைடா! வேணும்னு வராம இருக்கலை! புதுச் சட்டையைக் கிழிச்சுக்கிட்டு மூணு கிலோமீட்டர் கார் தள்ளியிருக்காருடா! படம் இருக்கு, நான் என் கண்ணால பார்த்துட்டேன்!”

“ஏன்க்கா, அன்னிக்கு மாமா வரலையா?” என்று கேட்டார் தம்பி.